வர்க்கமூலக் கோவைகள்: முதலில் சுருக்குங்கள், பிறகு கூட்டுங்கள்

√50 + √18 − √8 என்ற கோவையைக் கொடுத்தால் இரண்டு வகையான தவறான விடைகள் வரும். சிலர் 50, 18, 8 மூன்றையும் மூலக்குறிக்குள்ளேயே கூட்டிக் கழித்து √60 என்று எழுதுவார்கள். சிலர் மூன்றும் வெவ்வேறு எண்களாக இருப்பதால் இதற்கு மேல் ஒன்றும் செய்ய முடியாது என்று அப்படியே விட்டுவிடுவார்கள். சரியான விடை 6√2. முதல் கூட்டத்தார் இல்லாத விதியைப் பயன்படுத்தினார்கள். இரண்டாம் கூட்டத்தார் கூட்டுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலையைச் செய்யவில்லை. இந்தப் பாடத்தில் நடக்கும் பிழைகளில் பெரும்பாலானவை இவ்விரண்டில் ஒன்றுதான்.

இங்கே மாறிகளுக்கு க, ச என்ற எழுத்துகளை வைத்துக்கொள்வோம்.

எந்த விதி உண்டு, எந்த விதி இல்லை

√9 என்றால் 3 மட்டுமே. −3-ஐயும் வர்க்கப்படுத்தினால் 9 வரும் என்பது உண்மைதான். ஆனால் √ என்ற குறி குறை அல்லாத மூலத்தை மட்டுமே சுட்டும். க² = 9 என்ற சமன்பாட்டுக்கு 3, −3 என இரண்டு தீர்வுகள் இருப்பது வேறு விஷயம். அங்கே ± குறியை நாம்தான் போடுகிறோம், √ அதைத் தருவதில்லை.

க, ச இரண்டும் குறை எண்கள் இல்லாதபோது √(க × ச) = √க × √ச. இதற்குக் காரணம் எளிது. √க × √ச என்பதை வர்க்கப்படுத்தினால் க × ச கிடைக்கிறது; அது குறை எண்ணும் அல்ல; ஆகவே அதுவே க × ச-வின் வர்க்கமூலம். வகுத்தலுக்கும் இதே விதி பொருந்தும். பகுதி பூச்சியமாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

கூட்டலுக்கும் கழித்தலுக்கும் இப்படி ஒரு விதி கிடையாது. √9 + √16 = 3 + 4 = 7. √(9 + 16) = √25 = 5. சந்தேகம் வரும்போதெல்லாம் இந்த இரண்டு வரிகளை ஓரத்தில் எழுதிப் பாருங்கள். √(க + ச) = √க + √ச என்பது இரண்டில் ஒன்று பூச்சியமாக இருந்தால் மட்டுமே சரி, ஏனென்றால் வலப்பக்கத்தை வர்க்கப்படுத்தினால் க + ச + 2√(கச) வரும்; அந்தக் கடைசி உறுப்பு எங்கும் மறைந்துவிடாது.

எழுதும் முறையிலும் கவனம் தேவை. 1525-இல் ஜெர்மானியரான கிறிஸ்டாஃப் ருடால்ஃப் அச்சில் கொண்டுவந்த மூலக்குறிக்கு மேல்கோடு கிடையாது. 1637-இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் டேக்கார்ட் அதை மேல்கோட்டோடு சேர்த்து எழுதினார். அந்தக் கோடு அடைப்புக்குறியின் வேலையைச் செய்கிறது: எதுவரை உள்ளே, எது வெளியே என்று சொல்கிறது. கையால் எழுதும்போது கோட்டைத் தேவையான இடத்தில் நிறுத்துங்கள். கைப்பேசியிலோ கணினியிலோ தட்டச்சு செய்யும்போது கோடு இருக்காது. ஆகவே √(2க) என்று அடைப்புக்குறி போடுங்கள். √2க என்று எழுதினால் க உள்ளேயா வெளியேயா என்று படிப்பவருக்குத் தெரியாது, இரண்டு வரி கழித்து எழுதியவருக்கும் தெரியாது.

எண்ணைச் சுருக்குவது

மூலக்குறிக்குள் இருக்கும் எண்ணில் முழுவர்க்கக் காரணி இருந்தால் அதை வெளியே எடுக்க வேண்டும். உள்ளே இனி 1-ஐத் தவிர வேறு முழுவர்க்கக் காரணி இல்லை என்ற நிலை வரும்போது சுருக்குதல் முடிந்தது.

√72-ஐ எடுத்துக்கொள்வோம். 72 = 36 × 2. எனவே √72 = √36 × √2 = 6√2.

36 கண்ணில் படவில்லை, 9 மட்டுமே தெரிந்தது என்றாலும் கவலையில்லை. √72 = √9 × √8 = 3√8. உள்ளே இருக்கும் 8-இல் இன்னும் 4 ஒளிந்திருக்கிறது. 3√8 = 3 × 2√2 = 6√2. இங்கே இரண்டு இடங்களில் தடுமாறுவார்கள். ஒன்று, 3√8 என்பதோடு நிறுத்திவிடுவது. மற்றொன்று, வெளியே வந்த 2-ஐ 3-உடன் பெருக்காமல் கூட்டி 5√2 என்று எழுதுவது. வெளியே வருவது எப்போதும் காரணி; ஆகவே பெருக்க வேண்டும்.

காரணிகளைத் தேடும்போது 4, 9, 16, 25, 36 என்று எல்லா வர்க்கங்களையும் சோதிப்பது வீண் வேலை. பகா எண்களின் வர்க்கங்களே போதும்: 4, 9, 25, 49, 121, 169. மற்றவை இவற்றிலிருந்து தானே வரும். கடைசி இரு இலக்கங்கள் 4-ஆல் வகுபட்டால் எண்ணும் 4-ஆல் வகுபடும். இலக்கங்களின் கூடுதல் 9-ஆல் வகுபட்டால் எண்ணும் 9-ஆல் வகுபடும். கடைசி இரு இலக்கங்கள் 00, 25, 50, 75 என்று இருந்தால் 25-ஆல் வகுபடும். 49-க்கும் 121-க்கும் நேரடியாக வகுத்துப் பார்ப்பதே விரைவு.

பெரிய எண் என்றால் பகாக் காரணிப்படுத்துவதே நம்பகமான வழி. 2352 = 2 × 2 × 2 × 2 × 3 × 7 × 7. சோடி சோடியாகச் சேருங்கள். ஒவ்வொரு சோடிக்கும் ஓர் எண் வெளியே வரும், துணையில்லாதது உள்ளே தங்கும். இரண்டு 2-சோடிகள், ஒரு 7-சோடி, தனியாக ஒரு 3. ஆகவே √2352 = 2 × 2 × 7 × √3 = 28√3. சரிபார்க்க, 28 × 28 × 3 = 2352.

எந்தப் பகா எண் வரை சோதிக்க வேண்டும்? எண்ணின் கனமூலம் வரை போதும். அதுவரை உள்ள பகா எண்கள் எல்லாவற்றாலும் வகுத்து முடித்தபின் மிஞ்சும் எண்ணில் இரண்டுக்கு மேல் பகாக் காரணிகள் இருக்க முடியாது. மூன்று இருந்தால் அவற்றின் பெருக்கலே தொடக்க எண்ணைத் தாண்டிவிடும். ஆகவே மிஞ்சிய எண் முழுவர்க்கமா என்று மட்டும் பார்த்தால் போதும். √847-இல் இதைச் செய்து பாருங்கள். 847-இன் கனமூலம் 10-க்குச் சற்றுக் கீழே. எனவே 2, 3, 5, 7 மட்டும். 7-ஆல் வகுத்தால் 121 மிஞ்சுகிறது. அது 11-இன் வர்க்கம். √847 = 11√7. இந்த முறை தெரியாதவர்கள் 847 பார்ப்பதற்குச் சுருங்காதது போலிருப்பதால் விட்டுவிடுவார்கள்.

தசம எண் வந்தால் பின்னமாக்குங்கள். √0.72 = √(72/100) = 6√2/10 = 3√2/5.

சில வேளை எதிர்த்திசையிலும் போக வேண்டியிருக்கும். 5√3, 6√2 இவற்றில் எது பெரியது? வெளி எண்ணை வர்க்கப்படுத்தி உள்ளே தள்ளுங்கள்: √75, √72. முதலாவது பெரியது. கழித்தல் குறியை மட்டும் உள்ளே கொண்டுபோகக் கூடாது: −3√2 என்பது −√18, √18 அல்ல.

மாறிகள் உள்ளே இருக்கும்போது

இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். √(க²) = க என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது; ஆனால் அது க குறை எண்ணாக இல்லாதபோது மட்டுமே உண்மை. க = −5 என்றால் க² = 25, √25 = 5. விடை −5 அல்ல. ஆகவே பொதுவான விதி √(க²) = |க|. அதாவது க-வின் மட்டு மதிப்பு.

அடுக்கைச் சுருக்கும் முறை இது. அடுக்கு இரட்டை எண் என்றால் பாதியாக்குங்கள்: √(க⁶) = |க³|. ஒற்றை எண் என்றால் ஒன்றை உள்ளே விட்டுவிட்டு மீதியைப் பாதியாக்குங்கள்: √(க⁷) = √(க⁶ × க) = க³√க. அடிக்கடி நடக்கும் பிழை √(க⁹) = க³ என்று எழுதுவது. அடுக்கைப் பாதியாக்க வேண்டுமே தவிர அடுக்குக்கு வர்க்கமூலம் காணக் கூடாது. சரியான விடை க⁴√க.

√(க⁷)-இல் மட்டுக் குறி போடவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். க குறை எண்ணாக இருந்தால் க⁷-உம் குறை எண்ணாகும். அப்போது மெய்யெண்களில் √(க⁷) என்பதே இல்லை. கோவைக்குப் பொருள் இருக்கிறது என்றாலே க ≥ 0 என்று ஆகிவிடுகிறது. ஆகவே மட்டுக் குறி தேவைப்படுவது ஒரே சூழலில்தான்: உள்ளே இருந்த அடுக்கு இரட்டையாகவும், வெளியே வந்த அடுக்கு ஒற்றையாகவும் இருக்கும்போது. √(க⁴) = க² என்பதில் தேவையில்லை, க² ஒருபோதும் குறை எண் ஆகாது.

இதை வைத்து √(18க²ச⁵)-ஐச் சுருக்குவோம். 18 = 9 × 2. க² இரட்டை அடுக்கு. வெளியே க¹, ஒற்றை. மட்டுக் குறி வேண்டும். ச⁵ ஒற்றை, ச² வெளியே, ச உள்ளே. விடை 3|க|ச²√(2ச). கணக்கில் "எல்லா மாறிகளும் மிகை எண்கள்" என்று சொல்லியிருந்தால் 3கச²√(2ச) என்று எழுதலாம். பாடநூல்களில் பெரும்பாலும் அப்படி ஒரு வரி இருக்கும். அந்த வரி இருக்கிறதா என்று பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

உள்ளே கூட்டல் இருந்தால் உறுப்பு உறுப்பாக வெளியே எடுக்க முடியாது. √(க² + 9) என்பது க + 3 ஆகாது. அது அப்படியே நிற்கும். √(4க² + 16)-இல் பொதுக் காரணி 4 இருப்பதால் 2√(க² + 4) வரை போகலாம், அதற்கு மேல் இல்லை. √(க² + 6க + 9) வேறு கதை: உள்ளே இருப்பது முழுவதும் (க + 3)², ஆகவே விடை |க + 3|. உள்ளே இருப்பதைக் காரணிப்படுத்திய பிறகே தொட வேண்டும்.

சேர்ப்பது: ஒத்த முறுடுகள் மட்டுமே

சுருக்கி முடித்தபின் மூலக்குறிக்குள் ஒரே எண் அல்லது ஒரே கோவை இருந்தால் அவை ஒத்த முறுடுகள். முறுடு என்றால் முழுமையாக வெளியே வராமல் மூலக்குறியோடு நிற்கும் மூலம். அவற்றின் கெழுக்களை, அதாவது மூலக்குறிக்கு முன்னால் நிற்கும் எண்களை, கூட்டலாம், கழிக்கலாம். 3√2 + 5√2 = (3 + 5)√2 = 8√2. இது பங்கீட்டு விதி, அதற்கு மேல் ஒன்றுமில்லை. உள்ளே இருக்கும் எண் மாறாது. 8√4 என்று எழுதினால் 16 ஆகிவிடும், உண்மையான மதிப்போ 11.3-க்கு அருகில்.

தொடக்கத்தில் பார்த்த கணக்கு:

√50 + √18 − √8
= 5√2 + 3√2 − 2√2
= 6√2

வெளியே ஏற்கெனவே கெழு இருந்தால் பெருக்கும் வேலை கூடுதலாக வரும்:

2√75 − 3√48 + √27 − 4√12
= 2 × 5√3 − 3 × 4√3 + 3√3 − 4 × 2√3
= 10√3 − 12√3 + 3√3 − 8√3
= −7√3

ஒவ்வொரு உறுப்பையும் அதன் முன்குறியோடு சேர்த்தே எடுத்து எழுதுங்கள். நடுவரியைத் தாவிவிட்டால் −12, −8 இவற்றில் ஒன்றின் குறி மாறிப்போகும். எண்கள் சிறியவை என்பதால் மனத்தில் போட்டுவிடலாம் என்று தோன்றும். தேர்வில் மதிப்பெண் போவது அந்த வரியில்தான்.

வெவ்வேறு முறுடுகள் மிஞ்சினால் அங்கே நிறுத்த வேண்டும்:

√45 + √80 − √28 + √63 = 3√5 + 4√5 − 2√7 + 3√7 = 7√5 + √7

இதை இன்னும் சேர்க்க முடியாதா என்ற கேள்வி நியாயமானது, அதற்கு உறுதியான விடையும் உண்டு. 7√5 + √7 என்பது ஒரே ஒரு முறுடாக, அதாவது ஒரு விகிதமுறு எண்ணின் வர்க்கமூலமாக மாறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் அதன் வர்க்கம் விகிதமுறு எண்ணாக இருக்க வேண்டும். வர்க்கம் 245 + 7 + 14√35 = 252 + 14√35. 35 முழுவர்க்கம் அல்ல. √35 விகிதமுறா எண். ஆகவே இது நடக்காது. சுருக்கி முடித்தபின் உள்ளே வேறு வேறு எண்கள் இருக்கும் எந்த இரண்டு முறுடுகளுக்கும் இதே வாதம் பொருந்தும். எனவே சுருக்கியபின் ஒத்து வரவில்லை என்றால் மனநிறைவோடு நிறுத்தலாம். அதே காரணத்தால் 5 + 2√3 என்பது 7√3 ஆகாது. முதல் உறுப்பில் √3 இல்லை.

பின்னம் உள்ளே இருக்கும்போது ஒத்த முறுடுகள் மறைந்திருக்கும். √12 + √(1/3) பார்ப்பதற்குச் சேராதது போலிருக்கும். √(1/3) = 1/√3 = √3/3. ஆகவே 2√3 + √3/3 = 7√3/3.

மாறிகளோடு ஒரு கணக்கு:

√(12க³) + க√(27க) − √(48க³)
= 2க√(3க) + 3க√(3க) − 4க√(3க)
= க√(3க)

க = 3 என்று இட்டுப் பாருங்கள். மேல்வரி √324 + 3√81 − √1296 = 18 + 27 − 36 = 9. கடைசி வரி 3 × √9 = 9. பொருந்துகிறது.

இப்போது மட்டுக் குறியை விட்டால் என்ன ஆகும் என்று காட்டும் கணக்கு: 5√(20க²ச) − 2க√(45ச). க மிகை எண் என்றால் 10க√(5ச) − 6க√(5ச) = 4க√(5ச). க குறை எண் என்றால் முதல் உறுப்பில் வெளியே வருவது |க|, அதாவது −க. அப்போது −10க√(5ச) − 6க√(5ச) = −16க√(5ச). க = −1, ச = 5 என்று இடுங்கள்: 5√100 + 2√225 = 50 + 30 = 80. இரண்டாம் விடை 16 × √25 = 80 தருகிறது; முதல் விடை −20 தரும். ஒரு மட்டுக் குறியை விட்டதில் 80 எங்கே, −20 எங்கே!

பெருக்கல்

பெருக்கலுக்கு ஒத்த முறுடாக இருக்க வேண்டிய அவசியமில்லை. வெளி எண்ணை வெளி எண்ணோடும், உள் எண்ணை உள் எண்ணோடும் பெருக்குங்கள். ஆனால் பெருக்கிப் பெரிய எண்ணாக்கிவிட்டுப் பிறகு உடைப்பதை விட, உடைத்த நிலையிலேயே பெருக்குவது நல்லது. √42 × √70 என்பதை √2940 ஆக்கினால் அதைக் காரணிப்படுத்த நேரம் போகும். 42 = 2 × 3 × 7, 70 = 2 × 5 × 7. பொதுவானவை 2, 7. இரண்டும் சோடியாகி வெளியே வரும். 14√15.

ஈருறுப்புக் கோவைகளில் நான்கு பெருக்கல்களையும் எழுதுங்கள்:

(2√3 + √5)(√3 − 4√5) = 6 − 8√15 + √15 − 20 = −14 − 7√15

வர்க்கத்தில் நடு உறுப்பை விடக் கூடாது: (√5 + √2)² = 5 + 2√10 + 2 = 7 + 2√10. இதை 7 என்று எழுதுவது, முன்பு பார்த்த √(க + ச) பிழையின் மறுபக்கம்.

பகுதியில் இருக்கும் மூலத்தை நீக்குதல்

பகுதியில் ஒற்றை முறுடு இருந்தால் தொகுதியையும் பகுதியையும் அதே முறுடால் பெருக்க வேண்டும். அதற்கு முன் சுருக்குங்கள். 5/√12-ஐ √12-ஆல் பெருக்கினால் 5√12/12, பிறகு 10√3/12, பிறகு 5√3/6. முதலிலேயே 5/(2√3) என்று எழுதி √3-ஆல் பெருக்கினால் ஒரே அடியில் 5√3/6.

பகுதியில் இரண்டு உறுப்புகள் இருந்தால் அதே முறுடால் பெருக்கிப் பயனில்லை, மூலம் போகாது. நடுக்குறியை மாற்றிய இணையால் பெருக்க வேண்டும், ஏனென்றால் (க + ச)(க − ச) = க² − ச², அதில் நடு உறுப்பு அடிபட்டுப்போகிறது.

(3 + √2)/(5 − 2√2): தொகுதி, பகுதி இரண்டையும் 5 + 2√2-ஆல் பெருக்குவோம். பகுதி 25 − 8 = 17. தொகுதி 15 + 6√2 + 5√2 + 4 = 19 + 11√2. விடை (19 + 11√2)/17. பகுதியில் 2√2-இன் வர்க்கத்தை 4 என்று எழுதுவது பொதுவான சறுக்கல்; அது 4 × 2 = 8.

கையால் கணக்கிடும்போது 1-ஐ 1.41421-ஆல் வகுப்பதை விட 1.41421-ஐ 2-ஆல் வகுப்பது எளிது. இந்த முறைக்கு அது ஒரு பயன். அதை விடப் பெரிய பயன், பின்னங்களைச் சேர்க்கும்போது தெரியும். 1/(1 + √2) + 1/(√2 + √3) + 1/(√3 + √4) + … + 1/(√8 + √9) என்ற எட்டு உறுப்புகளின் கூடுதல் பயமுறுத்தும். ஒவ்வொன்றையும் இணையால் பெருக்கினால் பகுதி 1 ஆகி (√2 − 1) + (√3 − √2) + … + (√9 − √8) என்று வருகிறது. இடையில் உள்ளவை எல்லாம் அடிபட்டு √9 − 1 = 2.

சில வேளை தொகுதியில் இருக்கும் மூலத்தை நீக்குவதே பயன்தரும். √10001 − 100 என்பதை நான்கு தசம இடங்களோடு கணக்கிட்டால் 100.0050 − 100 = 0.0050; கையில் இரண்டு இலக்கங்களே மிஞ்சும். 1/(√10001 + 100) என்று மாற்றி எழுதினால் 1/200.0050 = 0.00499988 என்று துல்லியமாக வரும். கிட்டத்தட்டச் சமமான இரண்டு எண்களைக் கழிக்கும்போதெல்லாம் இதை நினைவில் வையுங்கள்.

பின்னத்தைச் சுருக்கும்போது நடக்கும் பிழையையும் இங்கேயே சொல்ல வேண்டும். க² − 6க + 4 = 0 என்ற சமன்பாட்டுக்கு (6 ± √20)/2 வரும். இதை 3 ± √20 என்றோ 3 ± √10 என்றோ எழுதுகிறவர்கள் உண்டு. 2 தொகுதியின் இரு உறுப்புகளையும் வகுக்க வேண்டும். மூலக்குறிக்குள் நுழைய வேண்டுமானால் 4-ஆக நுழைய வேண்டும். முதலில் √20 = 2√5 என்று சுருக்குங்கள், (6 ± 2√5)/2 = 3 ± √5.

மூலத்துக்குள் மூலம்

√(7 + 2√10) போன்றவற்றைச் சில வேளை பிரிக்கலாம். (√5 + √2)² = 7 + 2√10 என்று மேலே பார்த்தோம்; அதையே திருப்புகிறோம். கூடுதல் 7, பெருக்கற்பலன் 10 ஆக இரண்டு எண்கள் வேண்டும்: 5, 2. விடை √5 + √2. நடுவில் கழித்தல் இருந்தால் பெரிய எண்ணை முன்னால் எழுதுங்கள்: √(8 − 2√15) = √5 − √3. மாற்றி எழுதினால் குறை எண் வந்துவிடும்.

உள்மூலத்தின் முன் 2 இருப்பது கட்டாயம். இல்லாவிட்டால் உருவாக்குங்கள்: √(6 + √32) = √(6 + 2√8); கூடுதல் 6, பெருக்கல் 8; எண்கள் 4, 2; விடை 2 + √2. பிரியுமா என்பதை முன்கூட்டியே அறிய, க, ச முழு எண்களாக உள்ள √(க + √ச)-இல் க² − ச முழுவர்க்கமா என்று பாருங்கள். 36 − 32 = 4, ஆகவே பிரிந்தது. √(3 + √2)-இல் 9 − 2 = 7; இந்த வழியில் பிரியாது.

12ஆம் நூற்றாண்டில் பாஸ்கரர் இதை மூன்று மூலங்கள் வரை கொண்டுபோனார். 10 + √24 + √40 + √60 என்பதன் வர்க்கமூலம் √2 + √3 + √5. வர்க்கப்படுத்திப் பாருங்கள்: 2 + 3 + 5 = 10; 2√6 = √24; 2√10 = √40; 2√15 = √60.

சரிபார்த்தல்

எண் கோவை என்றால் √2 ≈ 1.414, √3 ≈ 1.732, √5 ≈ 2.236, √7 ≈ 2.646 என்ற நான்கும் மனப்பாடமாக இருந்தால் அரை நிமிடத்தில் விடையைச் சோதிக்கலாம். √50 + √18 − √8-க்கு 7.07 + 4.24 − 2.83 = 8.48, 6 × 1.414 = 8.48. √60 என்றால் 7.75-தான் வந்திருக்கும்.

மாறிகள் உள்ள கோவையில் 0, 1 இரண்டையும் இட்டுச் சோதிக்காதீர்கள். √(க⁹) = க³ என்ற தவறு இரண்டிலும் தப்பித்துக்கொள்ளும். க = 4 இட்டால் இடப்பக்கம் 512, வலப்பக்கம் 64; உடனே பிடிபடும். கோவை இடம் கொடுத்தால் ஒரு குறை எண்ணையும் இட்டுப் பாருங்கள். மட்டுக் குறி விட்டுப்போனது அதில்தான் தெரியும்.

செய்து பார்க்க

1. √98 − √32 + √(1/2)
2. √(45க⁵) − க²√(20க)
3. (√6 − √2)²
4. 10/(√15 − √5)
5. √(11 − √72)
6. √(8க²ச) + க√(50ச), க < 0

விடைகள்: (1) 7√2/2. (2) க²√(5க). (3) 8 − 4√3. (4) √15 + √5. (5) 3 − √2. (6) 3க√(2ச). கடைசிக் கணக்குக்கு 7க√(2ச) என்று வந்திருந்தால், √(க²)-இலிருந்து வெளியே எடுத்ததைத் திரும்பப் பாருங்கள். க குறை எண் என்பதால் அங்கே வருவது −க.